கதவு மறைவில் நிற்பவளுக்கு

கேள்வி: எனக்கு 36 வயது. களியக்காவிளைக்குப் பக்கத்துக் கிராமம். அண்டியாபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் பைக் விபத்தில் இறந்துபோனார். 'இவ வந்த கால் சரியில்லை' என்று மாமியார் சொல்வார். நான் வந்த பிறகுதான் கொழுந்தனின் பலசரக்குக் கடை மூடியது, சினைப்பசு செத்தது. மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது நான்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் பேச்சு மாறவில்லை. போன வருடம் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். என்னை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. நானாகவே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மணையில் உட்கார்ந்திருந்த மகள் என்னைத் தேடியது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து சரியான உறக்கம் இல்லை. தை மாதம் தங்கச்சியின் புது வீட்டுப் பால்காய்ப்பு. நான் முன்னால் நிற்கலாமா? ஏதாவது ஆகிவிட்டால்?
– பெயர் வேண்டாம்

பதில்: மகளே, உன் கடிதத்தில் ஒரு வரியை நாலைந்து தடவை படித்தேன். 'என்னை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை, நானாகவே போய் நின்றுகொண்டேன்.' மாமியார் வாயிலிருந்து வந்த சொல், இப்போது அவர் இல்லாத இடத்திலும் உனக்குள் இருந்து பேசுகிறது. 36 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்சாக இருந்தவள் நான். அதில் பாதிக் காலம் மனநல வார்டில். அங்கே வந்த பெண்களில் பலர் இப்படி யாரோ சொன்ன ஒரு சொல்லைச் சுமந்துகொண்டுதான் வந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அப்பா பனையேறி. எனக்கு ஒன்பது வயதாகும்போது பனையிலிருந்து விழுந்து இறந்தார். அம்மைக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அவளும் உன்னைப்போல் அண்டியாபீசில்தான் வேலை பார்த்தாள். பருப்பு தோண்டித் தோண்டி விரலெல்லாம் கறுத்திருக்கும். பதினாறு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சி எங்கள் இரண்டு பேரையும் பக்கத்து ஊர் நிழல் தாங்கலுக்குக் கூட்டிப்போனாள். அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற அந்தத் தாங்கல் உனக்குத் தெரிந்திருக்கும். உள்ளே சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. அம்மை தலையைத் தூக்கவே இல்லை. அம்மாச்சி அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "இன்னா பாரு பிள்ளே. கண்ணாடில ஆரு நிக்கா?" அம்மை பதில் சொல்லவில்லை. "நீதான் நிக்க. அப்பம் சாமி எங்க இருக்குன்னு நீயே சொல்லு." அம்மை நெற்றியில் அன்று வைத்த நாமம், சாகிற வரைக்கும் ஒருநாளும் தவறவில்லை.

கண்ணாடி வைத்தது யாரோ ஒருவரின் ஆறுதலுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதே. அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1809இல் பிறந்தவர், 1851இல் மறைந்தவர். உழைக்கிற சாதி ஆண்கள் தலையில் துண்டு கட்டக்கூடாது, பெண்கள் மாராப்புப் போடக்கூடாது என்றிருந்த திருவிதாங்கூர் காலம் அது. அவர் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே கும்பிடச் சொன்னார். எல்லாச் சாதிக்கும் பொதுவாக ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். பெண்கள் மாராப்புப் போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் எத்தனையோ அடிதடிக்குப் பிறகு 1859இல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. நம் மருத்துவாழ்மலைக் குகையில் தவம் இருந்த, கேரளத்தில் சாதிக்கு எதிராக நின்ற துறவி நாராயண குருவும் 1927இல் சேர்த்தலைக்குப் பக்கம் களவங்கோடத்தில் கண்ணாடியைத்தான் பிரதிஷ்டை செய்தார். 'நீ தாழ்ந்தவன்' என்று ஊர் சொல்லி, தாழ்ந்தவனும் அதை நம்பிவிட்டால் அவன் முதுகு தானாகவே வளைந்துவிடும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

இனி எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். தாங்கலில் நிமிர்ந்த என் அம்மையின் தலை கல்யாண வீடுகளில் குனிந்தது. என் கல்யாணத்திலும் அப்படித்தான். கெட்டிமேளம் அடங்கியபிறகு தேடினேன். சாய்ப்பில் தரையில் உட்கார்ந்து வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது நர்ஸ் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்திருந்தேன். தாலி ஏறுவதற்கு முன்னால் 'அம்மை எங்கே' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றுவரை அது நெஞ்சில் கிடக்கிறது. தனியாக ஒருத்தி எவ்வளவு திடமாக நம்பினாலும், பக்கத்தில் நிற்கிறவர்கள் சேர்ந்து நம்பாவிட்டால் அந்த நம்பிக்கை பந்தலுக்குள் வந்ததும் தளர்ந்துபோகிறது என்று அன்று கண்டேன்.

ஆறு வருடம் கழித்து என் தங்கச்சி கல்யாணம். காலையிலேயே தட்டை எடுத்து அம்மை கையில் கொடுத்தேன். 'வேண்டாம் மக்களே' என்றாள். விடவில்லை. அவள் கை நடுங்கி, மணமேடை முன்னால் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண் 'பாத்தியா' என்றது எனக்கே கேட்டது. அம்மை குனிந்தாள், பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்துத் தட்டில் வைத்தாள், மேலே நடந்தாள். தங்கச்சிக்கு இப்போது இரண்டு பேரப்பிள்ளைகள்.

அந்தப் பெண் ஏன் 'பாத்தியா' என்றாள்? அவள் கெட்டவள் இல்லை. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். ஒரு பெண்ணுக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதுபோல் நடித்துக் காட்டினார்கள். நிஜம் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களால் அதை நிறுத்த முடியாது என்று ஆனபோது, அவர்கள் அந்தப் பெண்ணையே மட்டமாகப் பேசத் தொடங்கினார்கள். நல்லவர்களுக்கு நல்லதுதான் நடக்கும் என்று நம்பினால்தான் மனிதர்களால் நிம்மதியாக இருக்க முடிகிறது. ஒரு குற்றமும் செய்யாதவளின் புருஷன் சாலையில் அடிபட்டுச் செத்தான் என்றால் நாளைக்கு நம் புருஷனுக்கும் அது நடக்கலாமே! அதைவிட 'அவள் கால் சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் படுத்தால் உறக்கம் வருகிறது. உன் மாமியாருக்கோ மகனைப் பறிகொடுத்த வயிறு. யாரையாவது காரணம் சொல்லாமல் அவரால் தாங்க முடியவில்லை. அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அவருடைய உறக்கத்துக்கு விலை உன் உறக்கம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. ஒரு பக்கம் 'என் காலால் நடந்தது' என்று நீ நம்புவதையெல்லாம் எழுது. எதிர்ப்பக்கம், அது நடந்தபோது வேறு என்னவெல்லாம் இருந்தது என்று எழுது. கடை மூடியதற்கு முன்னால் பக்கத்தில் பெரிய கடை ஏதும் வந்ததா? பசுவுக்கு எத்தனை நாள் காய்ச்சல், மாட்டு டாக்டர் என்ன சொன்னார்? பைக்கில் போனவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா, எதிரே வந்த வண்டி எப்படி வந்தது? பிறகு இன்னொரு பக்கம் திருப்பி, நீ கூட இருந்து நல்லபடியாக முடிந்தவற்றை எழுது. மாமியாரின் கண் ஆபரேஷனை நீயே எழுதியிருக்கிறாய், ஆனால் அதை உன் பேரில் யாரும் வரவு வைக்கவில்லை. நீயும் வைக்கவில்லை. உன் மகள் பிறந்ததையும் அதில் எழுது. நான் புதிதாகக் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை இது. 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்த சிகிச்சையில் இப்படிச் சோதித்துப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. எங்கள் வார்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொல்வோம்.

அடுத்து, தங்கச்சியிடம் இப்போதே பேசு. தை பிறக்கும்வரை காத்திருக்காதே. 'பால் பொங்கும்போது நான் உன் பக்கத்தில் நிற்கணும்' என்று வாய்விட்டுக் கேள். மகளையும் கூட வைத்துக்கொள். முதல் முறை கை நடுங்கும், நடுங்கட்டும். உறக்கமின்மை ஒரு வருடமாக இருக்கிறது என்பதால் மருத்துவரையும் பார்க்க வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருநாள் போய் வா. செத்துப்போகலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அந்த நிமிடமே அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பாறசாலை என் ஊர். திருவனந்தபுரத்தில் ஐ.டி. வேலை, தனி அறை. அம்மா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவார், எவ்வளவு கஷ்டத்திலும் தெளிவாக இருப்பார். நான் கல்லூரி நாளிலேயே கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டேன். மனம் எப்போதும் வெறுமையாக இருக்கிறது. நம்பாதவனுக்கு நிம்மதி கிடையாதா? பொய்யாகவாவது நம்பத் தொடங்கலாமா?

பதில்: பொய்யாக வேண்டாம் தம்பி. அம்மாவே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாட்டுக் குழுவில் பக்கத்தில் நிற்கிறவள், ஒரு வாரம் வராவிட்டால் 'என்ன ஆச்சு' என்று வீடு தேடி வருகிறவள், சாவு வீட்டுக்குச் சேர்ந்து போகிறவர்கள் என்று எத்தனை பேர்! எமில் துர்க்கெய்ம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1897இல் தற்கொலை பற்றி எழுதியபோது, கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டன்டுகளிடம் தற்கொலை கூடுதலாக இருப்பதைக் காட்டினார். இரண்டு பேருக்கும் தெய்வம் ஒன்றுதானே. ஆட்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டு எங்கே இறுக்கம் என்பதில்தான் வித்தியாசம் என்றார். உங்களுக்கு இல்லாமல் போனது சாமி என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ ஆட்கள்தான் என்று படுகிறது.

பாறசாலைப் பக்கம் வாயனசாலைக்கா பஞ்சம்? பி.என். பணிக்கர் 1945இல் திருவிதாங்கூர் நூலகங்களை ஒரு சங்கமாகச் சேர்த்ததிலிருந்து கிராமம் தோறும் இருக்கிறதே. சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள், ரத்ததானக் குழுவில் பெயர் கொடுங்கள். 1924 வைக்கம் போராட்டத்துக்கு நாராயண குருவின் ஆதரவு இருந்தது. பிற்பாடு சாமி இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய பெரியாரும் அங்கே சிறை போனார். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே முக்கியமாக இருந்தது. அம்மாவுடன் மாதம் ஒருநாள் சபைக்குத் துணையாகப் போய் வருவதிலும் தப்பில்லை. போவது அவருக்காக என்று சொல்லிவிட்டே போகலாம்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 22 வயதுத் தம்பிக்கு யாரோ காதுக்குள் பேசுவதுபோல் இருக்கிறதாம். இரவில் வெளியே ஓடுகிறான். செய்வினை என்று அம்மா சொல்கிறார், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மந்திரவாதியிடம் போக வேண்டுமாம். மாமா காலில் சங்கிலி போடச் சொல்கிறார்.

பதில்: சங்கிலி கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் வார்டில் யாரும் சாப்பிடவில்லை. 2017 மனநலச் சட்டமும் சங்கிலியைத் தடை செய்கிறது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அம்மா கயிறு கட்டினால் கட்டட்டும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் மந்திரவாதி வீட்டுக்குப் போகிற பஸ் காசில் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். இந்த வயதில் இப்படித் தொடங்குகிற நோய்க்கு மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அம்மாவையும் கூட்டிப்போங்கள், டாக்டர் சொல்வதை அவரே தன் காதால் கேட்கட்டும். தம்பி எத்தனை நாளாக உறங்கவில்லை, சாப்பாடு எப்படி, காதுக்குள் கேட்கிற குரல் என்ன சொல்கிறது, பீடி, கஞ்சாப் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.