துறைக்கு வெளியே ஒரு எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், எடுக்க வேண்டும். பட்டியலில் நூற்றுக்கணக்கான பாடங்கள் இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். "ஸ்கோரிங் பேப்பர்" என்று சீனியர் சொன்னதை நம்பியும் எடுக்காதீர்கள். அவருக்கு ஸ்கோரிங்காக இருந்தது அந்த ஆண்டு, அந்த ஆசிரியர், அவருடைய அடித்தளம் மூன்றும் சேர்ந்ததால்.

உங்களுக்குப் பதிவு முடிய இன்னும் சில நாள்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் கிரெடிட்டை மணிநேரமாக மாற்றிப் பாருங்கள். ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் முறையில் 1 கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு, முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். பிரிட்டனில் 1 கிரெடிட்டுக்கு 10 மணிநேரம், ஆண்டுக்கு 120. அமெரிக்கக் கணக்கில் 1 கிரெடிட்டுக்கு வாரம் 1 மணிநேர வகுப்பும், வெளியே குறைந்தது 2 மணிநேரப் படிப்பும். ஆக, அங்கே 3 கிரெடிட் பாடம் ஒன்று வாரத்தில் 9 மணிநேரத்தை எடுத்துக்கொள்ளும். லேப் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 1 கிரெடிட் லேபுக்கு உள்ளேயே 2, 3 மணிநேரம் போகும். ரிப்போர்ட் எழுதுவது தனி.

அந்த 9 மணிநேரமும் துறைக்குத் துறை வேறு மாதிரி கழியும். வரலாற்றில் பெரும்பகுதி வாசிப்பு; ஒரு வாரம் விட்டாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிவிடலாம். கணிதத்தில் அந்த வாரப் பயிற்சித் தாளில் ஆறே கணக்குதான் இருக்கும், இரண்டில் மாட்டிக்கொண்டால் மாலை முழுக்கப் போய்விடும். புதிய மொழி படிக்கத் தினமும் அரைமணி வேண்டும். எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் ஒட்டாது.

அடுத்து சிலபஸ். பாட அறிமுகப் பத்தியைத் தாண்டிப் போங்கள், அது விளம்பரம். நேராக மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை என்ன நடத்துகிறார்கள் என்று பாருங்கள். முதல் இரண்டு வாரம் எல்லாப் பாடமும் இனிக்கும். புள்ளியியலையே எடுத்துக்கொள்ளுங்கள். உளவியல் துறை நடத்தும் புள்ளியியலில் சராசரி, திட்ட விலக்கம், டி-சோதனை என்று போய் மென்பொருளில் முடியும். கணிதத் துறை நடத்தினால் தொடர் மாறிகள் வந்ததுமே தொகை நுண்கணிதம் தேவைப்படும், இரண்டு மாறிகள் சேர்ந்தால் இரட்டைத் தொகையீடு. பட்டியலில் இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். "முன்தேவை: இல்லை" என்று போட்டிருந்தால் பதிவு செய்யத் தடை இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், கணிதம் தேவையில்லை என்று அல்ல.

கணிதத்துக்குப் பயந்து தத்துவத் துறைக்கு ஓடுபவர்கள் தர்க்கவியலில் போய் விழுவார்கள். உண்மை அட்டவணை, குறியீடு, வரிக்கு வரி நிறுவல் எல்லாம் அங்கேயும் உண்டு. மொழியியலை இலக்கியம் என்று நினைத்துச் சேர்பவர்களும் அப்படித்தான். ஒரு மொழியின் ஒலிகள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று பார்க்கும் ஒலியனியலில் வரும் கணக்கு இப்படி இருக்கும்: கல், தங்கம், அகம். மூன்றிலும் ஒரே 'க'தான் எழுதுகிறோம். சொல்லின் முதலில் ஓர் ஒலி, மெல்லினத்துக்குப் பின் இன்னோர் ஒலி, இரு உயிருக்கு நடுவே வேறோர் ஒலி. எந்தச் சூழலில் எது வரும் என்று விதி எழுத வேண்டும். தெரியாத மொழியில் இருபது சொல்லைக் கொடுத்து இதையே கேட்பார்கள். புதிர் பிடிக்கிறவர்களுக்கு அருமையான பாடம், கவிதையைத் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம்.

இதைச் சொன்னால் "ஆர்வம்தானே முக்கியம்" என்று ஒருவர் வருவார். ஆர்வம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்வம் எதன் மீது, பெயர் மீதா உள்ளடக்கம் மீதா என்றுதான் கேட்கிறேன். "கலைப் பாடம்னா ஈஸி" என்பவர்களிடம் பேசிப் பயனில்லை. ஒரே ஒரு முறை நாலாயிரம் சொல் கட்டுரையை அடிக்குறிப்போடு எழுதிப் பார்க்கட்டும்.

மதிப்பெண் பிரிவை மறக்காதீர்கள். இறுதித் தேர்வுக்கு மட்டும் 70% என்றால் ஒரு மோசமான காலைப்பொழுது போதும், எல்லாம் போச்சு. குழு வேலைக்கு 40% என்றால் உங்கள் மதிப்பெண் முகம் தெரியாத நாலு பேர் கையில். இந்த அட்டவணையைத்தான் பல துறைகள் கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக ஏற்றி வைக்கின்றன, ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. தட்டச்சு செய்த கோப்பு அவர்களிடம் இருக்கும், அதைப் பிரின்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். யாருக்காக என்று இன்றுவரை புரியவில்லை.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. உள்ளடக்கம் ஒன்றின் மேல் ஒன்று படியும் இரண்டு பாடங்களை வெவ்வேறு துறைகளில் எடுத்தால், பல இடங்களில் ஒன்றுக்குத்தான் கிரெடிட் தருவார்கள். எழுதி வைத்திருப்பது விதிமுறைப் புத்தகத்தில், பாடப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. பட்டியலில் இருப்பதாலேயே அந்தப் பாடம் இந்த செமஸ்டரில் நடக்கும் என்றும் இல்லை. சில பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வரும். கால அட்டவணையில் வகுப்பு நேரம் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு நம்புங்கள்.

கடைசியாக, பாடத்தை விட்டு விலகும் கெடு எந்தத் தேதி, முதல் மதிப்பெண் எப்போது கைக்கு வரும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குப் பிறகுதான் மதிப்பெண் வரும் என்றால், போன ஆண்டு முதல் அசைன்மென்ட்டை யாரிடமாவது வாங்கி, கெடுவுக்கு முன்பே தனியாக உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.