வாசகர் கேள்வி – பதில்: குகைக்குள் சுழியோட

கேள்வி: நண்பர்கள் மூவர் கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களுக்கு இறங்கிப் பழக்கம். அடுத்ததாக மெக்சிகோவின் யுகத்தான் பக்கம் போய்க் குகைச் சுழியோடல் படிக்க எண்ணம். போக முன்னர் இங்கே எதைப் பழகலாம்? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: முதலில் காலைத் திருத்துங்கள். கடலில் காலில் மாட்டிய துடுப்பை மேலும் கீழுமாக அடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். குகைத் தரையிலோ மாவு போன்ற வண்டல் படிந்திருக்கும். இரண்டு அடி பட்டால் பின்னால் வருபவருக்குத் தன் கையே தெரியாது. முழங்காலை மடித்து, துடுப்பு உடம்பு மட்டத்துக்குக் கீழே இறங்காமல், பக்கவாட்டில் தவளை உதை உதையுங்கள். நீச்சல் தடாகத்தில் தரைக்கு அரை மீற்றர் மேலே கிடையாக நின்று, மாஸ்க்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஏறாமல் இறங்காமல் நின்றால் அரைவாசி வேலை முடிந்தது. மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தையும் அங்கேயே சரிபாருங்கள்: ஆளும் சாமானும் 100 கிலோ என்றால், கடலில் கட்டுவதைவிட ஏறக்குறைய 2.5 கிலோ குறைவாகவே நன்னீருக்குத் தேவை.

அடுத்தது கயிறு, அதாவது வாசலிலிருந்து விரித்துக்கொண்டு போய், அதைப் பிடித்தே திரும்பும் வழிகாட்டிக் கயிறு. இதற்குத் தண்ணீரே வேண்டாம், மரங்கள் நிற்கும் ஒரு வளவு போதும். (வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடுவார்கள், பரவாயில்லை.) முதல் கட்டு, நேரே மேலே போகக்கூடிய திறந்த இடத்தில், இரண்டாவது, வாசலுக்குச் சற்று உள்ளே. பிறகு ரீலில் சுற்றிய கயிற்றை விறைப்பாகவே விட்டுச் செல்லுங்கள். கயிறு தளர்ந்தால் வளைவில் உட்பக்கம் நழுவி, ஆள் நுழைய முடியாத இடுக்குக்குள் போய்விடும். நீர் தெளிந்திருக்கும்வரை அது தெரியவராது. கலங்கியபின் கயிற்றைத் தடவிக்கொண்டு திரும்புபவர் அந்த இடுக்கில் போய் முட்டுவார்.

பின்னர் கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்புங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் கயிற்றைச் சுற்றி வளையமாக இருக்கட்டும், இழுக்கக்கூடாது. மற்றக் கையால் முன்னே போபவரின் கையைப் பிடியுங்கள். முன்னே தள்ளினால் போ, அமுக்கினால் நில், பின்னே இழுத்தால் பின்வாங்கு.

கேள்வி: என்னிடம் இரட்டை 15 லீற்றர் சிலிண்டர், நண்பரிடம் இரட்டை 12. இரண்டிலும் 180 பார் அழுத்தம். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி ஆளுக்கு 60 பார் போனதும் திரும்பினால் சரிதானே? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: சரியில்லை. போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்பதே அந்த விதி. அதைப் பாரில் அல்ல, லீற்றரில் கணக்குப் பாருங்கள். நண்பரிடம் 24 × 180 = 4,320 லீற்றர்; மூன்றில் ஒன்று 1,440. நீங்கள் 60 பார் இழுத்தால் 1,800. உள்ளே கடைசிப் புள்ளியில் உங்கள் காற்று முழுதும் போய்விட்டது என்று வையுங்கள். நண்பரிடம் மிச்சம் 2,880. தான் வெளியே வர அவருக்கு 1,440 வேண்டும். மீதி 1,440தான் உங்களுக்கு. 360 லீற்றர் துண்டு விழுகிறது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் அழுத்தம் மூன்று மடங்காகும் 20 மீற்றர் ஆழத்தில் 60 இழுப்பார். ஆக, குறைவது ஓர் ஆளின் ஆறு நிமிடக் காற்று.

சிறிய சிலிண்டர்தான் குழுவின் அளவு. 1,440 ÷ 30 = 48; அதை 45 ஆகக் குறைத்து, உங்கள் அழுத்தமானி 135 காட்டும்போது திரும்புங்கள்; அவருக்கு 120. யாருடையது முதலில் தொட்டாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். இதுகூடப் பதற்றமில்லாத மூச்சுக்குத்தான். நீரோட்டம் உள்நோக்கி இழுக்கும் குகையென்றால் இன்னும் குறையுங்கள், திரும்பும்போது எதிர்த்து நீந்த வேண்டுமே.

கேள்வி: அவ்வளவு தூரம் போவானேன், யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் பழகினால் என்ன? – தெஹிவளை வாசகர்

பதில்: வேண்டாம். வாய் திறந்திருப்பதைப் பார்த்துக் கிணறு என்று நினைக்கிறீர்கள், அது சுண்ணாம்புக்கல் குகையின் வாய். தலைக்கு மேல் பாறை வந்துவிட்டால் நேரே மேலே ஏறக்கூடிய இடங்களுக்கான திறந்த நீர்ச் சான்றிதழ் செல்லாது. மேலே நன்னீர், கீழே உவர்நீர். இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் பார்வை மங்கும், மிதப்பும் மாறும். ஆளுக்கு மூன்று டோர்ச், வாசலிலிருந்து அறுபடாத கயிறு, ஒருவர்பின் ஒருவராக வெளியேறும்போது காற்றைப் பகிர 2.1 மீற்றர் நீளக் குழாய் – பயிற்சியோடு இவையும் கைக்கு வந்த பிறகு கேளுங்கள்.