இரவு ஒன்பது மணிக்கு எங்கே இருப்பீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 56. தேவகோட்டையில் இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். கணவரால் கடையை விட்டு நகர முடியாது. மார்கழியில் சென்னைக்குப் போய் இரண்டு மூன்று நாள் கச்சேரி கேட்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதுவரை சென்னைக்குப் போனதெல்லாம் கல்யாணம், அறுபதாம் ஆண்டு சாந்தி என்று குடும்பத்தோடு காரில்தான். அண்ணா நகரில் கொழுந்தனார் வீடு இருக்கிறது. அங்கே தங்காமல் தனியாக அறை எடுத்தால் தப்பாக நினைப்பார்களோ? எதை முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: ஆச்சி, போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, எப்படிப் போவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். தைரியம் சொல்லும் வேலை எனக்கு இல்லை.

சென்னைக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு, கடைசியில் எங்காவது ஓர் அறை பிடிக்கிறார்கள். கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது சரிப்படும். தனியாகப் போகிறவருக்கு அறைதான் முதலில். அதைத் தேர்ந்தெடுக்க நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: இரவு ஒன்பது மணிக்கு எங்கே இருப்பேன்? பகலில் சென்னையின் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் போய்விடலாம். பஸ் உண்டு, ரயில் உண்டு, வழி கேட்க ஆள் உண்டு. கச்சேரி முடிந்து, கால் கடுத்து, போனில் சார்ஜ் இறங்கி, தூறலில் ஆட்டோவுக்காக நிற்கும் அந்த நேரம்தான் பயணத்தைக் கெடுக்கும். அந்த நேரத்தில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

உங்கள் விஷயத்தில் விடை எளிது. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. பாரதிய வித்யா பவனும் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பும் மயிலாப்பூரில். ஆகவே மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை, இந்த வட்டத்துக்குள் அறை பாருங்கள். எழும்பூரில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கும், ரயிலுக்கும் வசதி. ஆனால் மிச்சம் பிடித்த பணத்தை இரவு ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவீர்கள். அண்ணா நகர் இன்னும் தூரம்.

அறையை இணையத்தில் பார்த்து வைத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு நீங்களே போன் செய்யுங்கள். மகன் செய்ய வேண்டாம். “தனியாக வருகிறேன், இரவு ஒன்பதரை மணிக்குத் திரும்புவேன், அறை தருவீர்களா?” என்று நேராகவே கேளுங்கள். தனியாக வரும் பெண்களுக்கு அறை தரத் தயங்கும் லாட்ஜுகள் இன்றும் இருக்கின்றன. அது வாசலில் பெட்டியோடு நிற்கும்போது தெரியக் கூடாது. பதில் சொல்கிறவரின் குரலிலேயே விடுதியின் தரம் பாதி தெரிந்துவிடும். உள்தாழ்ப்பாள், இரவெல்லாம் ஆள் இருக்கும் வரவேற்பு மேசை, இரண்டும் இருக்க வேண்டும். ஆதார் அட்டையை அவர்கள் கேட்பது வழக்கம்தான். மார்கழியில் அந்தப் பகுதி அறைகள் சீக்கிரம் நிறையும் என்பதால் அக்டோபரிலேயே பிடித்துவிடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் அறையாக இருக்கட்டும். காரணம் மழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். அதனால் டிசம்பரின் முதல் பாதியைத் தவிருங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ரயிலில் இடம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே, 17 முதல் 22 தேதிக்குள், வார நாளாகப் பார்ப்பது நல்லது. மியூசிக் அகாடமியின் விழா வழக்கமாக டிசம்பர் 15 அளவில் தொடங்கிவிடும்.

ரயிலைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கட்சி உண்டு: பல்லவன் எக்ஸ்பிரஸ். விடிகாலையில் காரைக்குடியில் கிளம்பி நண்பகல் வாக்கில் எழும்பூரில் விடுகிறது. உட்கார்ந்து போகும் ரயில், முழுக்கப் பகல், புறப்படும் இடமே காரைக்குடி. இரவு ரயிலில் படுத்துக்கொண்டு போனால் ஒரு பகல் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். ராமேசுவரத்துக்குப் போகும் அந்த ரயில்கள் காரைக்குடியைத் தொடுவது பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி, அல்லது விடியாத இருட்டில். திரும்பி வரும்போது அரைத்தூக்கத்தில் எழுந்து, சில நிமிடமே நிற்கும் ரயிலிலிருந்து பெட்டியோடு இறங்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு போல 120 நாள் அல்ல. டிசம்பர் 20 பயணத்துக்கு அக்டோபர் 21 காலை எட்டு மணி. போக, வர இரண்டு டிக்கெட்டையும் முன்பதிவு திறக்கும் அந்தந்த நாளிலேயே எடுத்துவிடுங்கள். தட்கலை நம்பி இருக்காதீர்கள்.

பஸ் என்றால் ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் நம் பக்கத்து அரசு பஸ்கள் நிற்கின்றன. அங்கிருந்து மயிலாப்பூர் வருவது தனிப் பயணம்.

கொழுந்தனார் வீட்டு விஷயம்தான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அறை பிடித்த பிறகு அவர்கள் காதுக்குப் போனால் மனத்தாங்கல். பிடிப்பதற்கு முன்பே நீங்களே சொன்னால் வெறும் செய்தி. “கச்சேரி முடிய ஒன்பதாகும், அந்த நேரத்தில் உங்களை விழிக்க வைக்க எனக்கு மனம் வராது, கடைசி நாள் மதியம் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு” என்று சொல்லுங்கள். மூன்றும் உண்மைதான். கடைசி நாள் அறையைக் காலி செய்து, எழும்பூர் நிலையத்துப் பொருள் வைப்பறையில் பெட்டியைப் போட்டுவிட்டு (பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும்), வாசலில் இருக்கும் மெட்ரோவில் ஏறினால் அண்ணா நகர் கிழக்குக்கு வண்டி மாறாமல் போகலாம். பதினோரு மணிக்குப் போய், சாப்பிட்டு, இரண்டரைக்குள் எழும்பூர் திரும்பினால், பிற்பகல் கிளம்பும் பல்லவனைப் பதற்றமில்லாமல் பிடிக்கலாம். அவர்களுக்கு என்று எடுத்துப் போகும் பலகாரத்தைச் சிறிய டின்னில் எடுங்கள். மனகோலமும் தேன்குழலும் புடவைகளைவிட அதிகம் கனக்கும். மொத்தத்தில் படி ஏறும்போது நீங்களே தூக்கக்கூடிய ஒரே பெட்டி, அவ்வளவுதான். நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கச்சேரிக்கு வருவோம். பல சபாக்களில் மதிய வேளைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பெரிய பெயர்களுக்கு மாலையில் டிக்கெட், அதுவும் முன்கூட்டியே. முதல் நாள் மாலை ஒன்று, இரண்டாம் நாள் மதியமும் மாலையும் ஒவ்வொன்று போதும். ஒரே நாளில் நான்கு கேட்டால் நான்காவதில் தூங்குவீர்கள். சாப்பாட்டுக்குச் சபா கேன்டீன். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் புதிதாகப் போகிறவர்களுக்குக் கூச்சம். அங்கே யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், பக்கத்து இலைக்காரர் மட்டும் நேற்றைய தோடி ராகம் எப்படி என்று கேட்பார்.

இரண்டாம் நாள் காலை காலியாக இருக்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை விடுமுறை. புத்தகத்தில் ஈடுபாடு உண்டென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நம் கோட்டையூர்க்காரர் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் உருவானது. முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவை யாராவது பரிந்துரைத்தால் இந்த முறை விட்டுவிடுங்கள். நல்ல இடம்தான், ஆனால் அங்கே பெருமையாகக் காட்டுவதில் ஒன்று செட்டிநாட்டு வீடு. தேவகோட்டையிலிருந்து டிக்கெட் எடுத்துப் போய் முற்றத்தையும் தூணையும் பார்க்க வேண்டுமா?

நகருக்குள் போக, வெளிச்சம் இருக்கும்வரை இளஞ்சிவப்பு முகப்புள்ள மாநகரப் பேருந்தில் ஏறலாம், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருட்டிய பிறகு செயலியில் ஆட்டோ. வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறி, பயணத்தை மகளின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். மயிலாப்பூரில் மெட்ரோ வேலை நடப்பதால் லஸ் பக்கம் வழி அடிக்கடி மாறும்; ஓட்டுநர் சுற்றிப் போனால் உடனே சந்தேகப்பட வேண்டாம். 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண், 139 ரயில் உதவி எண். இவற்றைப் போனில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி, விடுதி முகவரியோடு கைப்பையில் வையுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. பல்லவன் காரைக்குடிக்குத் திரும்பும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். சென்னையின் இரவுக்கு இவ்வளவு ஏற்பாடு செய்கிறவர்கள் நம் ஊர் இரவை மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தேவகோட்டைக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. தெரிந்த கார் ஓட்டுநரிடம் புறப்படும் நாளிலேயே சொல்லி வைத்து, திருச்சி தாண்டியதும் ஒரு போன் போட்டு நினைவூட்டுங்கள்.