ஃபோர்ஜ்டு அயர்ன் வாங்கலாமா? கோல்ஃப் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. ஹேண்டிகேப் (குறையக் குறைய ஆட்டம் மேல் என்று காட்டும் எண்) 13. வாரம் இரண்டு முறை கோவையில் விளையாடுகிறேன். பல வருடங்களாக ஒரே கேவிட்டி பேக் (தலையின் பின்புறம் குழிந்த) அயர்ன் செட்தான். அண்மையில் ஊட்டிக்குப் போனபோது நண்பரின் ஃபோர்ஜ்டு பிளேடு (பின்புறம் குழிவில்லாத சிறிய தலை) செட்டை வாங்கி அடித்துப் பார்த்தேன். 7ஆம் நம்பர் 150 கஜம் போனது. கோவையில் என் 7ஆம் நம்பரும் அவ்வளவுதான் போகும். கையில் அதிர்வே தெரியவில்லை. மனம் அதிலேயே நிற்கிறது. ‘உன் ஆட்டத்துக்கு இது சரி, வாங்கு’ என்கிறார் நண்பர். கடைக்காரரோ, ‘ஹேண்டிகேப் ஒற்றை இலக்கத்துக்கு வந்த பிறகு வாருங்கள்’ என்கிறார். நான் தவறவிடும் பந்துகள் பெரும்பாலும் குழி இருக்கும் கிரீனுக்கு முன்பாகவே வலப்பக்கம் விழும். 5ஆம் நம்பரோடு எப்போதும் தகராறு. யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். நண்பருக்குத் தன் மட்டையின் மேல் ஆசை. கடைக்காரருக்கு ஒரு சௌகரியமான வாய்ப்பாடு.

முதலில் ஊட்டியைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடையும் குறைவு. உங்கள் 150 கஜத்தில் ஏறக்குறைய பத்து கஜம் மலையின் உபயம். அதே அடியைக் கோவையில் அடித்தால் 140தான் வரும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிளேடு 7ஆம் நம்பரின் லாஃப்ட் (பந்தில் படும் முகம் மேல்நோக்கிச் சாய்ந்த கோணம்; குறைந்தால் தூரம் கூடும்) வழக்கமாக 34, 35 டிகிரி இருக்கும். தூரத்துக்காகச் செய்யப்படும் இன்றைய பெரிய தலை அயர்ன்களில் அதே 7ஆம் நம்பர் 28 முதல் 30 டிகிரிதான். மட்டையின் அடியில் ஒரே எண் பொறித்திருந்தாலும் இரண்டும் ஒரே மட்டை அல்ல. இரண்டு மட்டைகளை ஒப்பிடுவதென்றால் ஒரே மைதானத்தில், ஒரே நாளில், ஒரே பந்தால் அடித்துப் பாருங்கள்.

அடுத்து, நீங்களும் நண்பரும் கடைக்காரரும் சேர்ந்தே குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். ‘ஃபோர்ஜ்டு’ என்பது செய்முறை. பழுக்கக் காய்ச்சிய எஃகுத் தண்டை அச்சுக்குள் வைத்து அடித்து உருவம் கொண்டுவருகிறார்கள். இதற்குப் பெரும்பாலும் 0.20 முதல் 0.25 சதவீதம் வரை கார்பன் உள்ள மென்மையான எஃகு. இன்னொரு வழி வார்ப்பு: மெழுகில் உருவம் செய்து, சுற்றிலும் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் எஃகை ஊற்றுவது. சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்ப்பதும் அடிப்படையில் இதே முறைதான். கோல்ஃபில் இந்த வார்ப்பைப் பெரிதாகக் கொண்டுவந்தவர் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம். அவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். தலையின் நடுவிலிருந்து எடையை எடுத்து ஓரங்களுக்குத் தள்ளினால், பந்து நடுவில் படாதபோதும் தலை அதிகம் திரும்பாது என்பது அவர் பிடித்த விஷயம். 1982இல் வந்த பிங் ஐ2 அயர்னை இன்றும் பைக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு.

ஆக, மன்னிக்கும் குணம் எடை எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. அடித்துச் செய்தார்களா, வார்த்தார்களா என்பதில் இல்லை. ஃபோர்ஜ்டு முறையிலேயே கேவிட்டி பேக் செய்கிறார்கள். உள்ளே வெற்றிடம் வைத்த அயர்ன்களும் வருகின்றன. டெய்லர்மேட் பி790 ஃபோர்ஜ்டுதான், ஆனால் அதன் 7ஆம் நம்பர் லாஃப்ட் 31 டிகிரிகூட இல்லை; பந்தை நன்றாகத் தள்ளிவிடும். உங்களைக் கவர்ந்தது பிளேடு: சிறிய தலை, மெல்லிய அடிப்பாகம், எடை முழுவதும் நடுவில். கண்டிப்பு அந்த வடிவத்தில் இருக்கிறது.

அது உங்களுக்குத் தாங்குமா? கடைக்காரர் சொல்லும் ஒற்றை இலக்க ஹேண்டிகேப்பை நான் ஏற்பதில்லை. 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைப் போடுகிறது. அதாவது அந்த எண் உங்கள் நல்ல நாட்களைப் பற்றியது. மிச்சம் 12 நாட்களிலும் இதே மட்டைகளைத்தான் தூக்கிக்கொண்டு போகப்போகிறீர்கள். கண்டிப்பான மட்டை கணக்குத் தீர்ப்பது அந்த நாட்களில்தான். மேலும், கிரீனைச் சுற்றி நான்கு அடியை மிச்சம் பிடித்து 6 ஹேண்டிகேப் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரது அயர்னை என் மட்டைப் பட்டறை விளக்கில் திருப்பிப் பார்த்தால் முகம் முழுக்கத் தேய்ந்திருக்கும். 15 ஹேண்டிகேப்காரர் ஒருவர் தன் மிகப் பழைய பிளேடைப் பிடி மாற்றக் கொண்டுவந்தார். குரோம் பூச்சு ஒரே இடத்தில், விரல்நுனி அளவுக்கு மட்டும் போயிருந்தது. கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங்கில் மனிதர் படுமோசம். ஆனால் அவருக்குப் பிளேடு விற்க நான் தயங்கமாட்டேன்.

ஆகவே உங்கள் மட்டையின் முகத்தில் பந்து பட்ட தடத்தைப் பாருங்கள். காலுக்கு அடிக்கும் உலர் பவுடர் ஸ்பிரே மருந்துக்கடையில் கிடைக்கும். இப்போது வைத்திருக்கும் 7ஆம் நம்பரின் முகத்தில் மெல்லியதாக அடித்துக்கொண்டு 20 பந்துகள் அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு தடம் எங்கே என்று குறித்துக்கொண்டு, துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். தடங்களில் 14, 15 அந்த நாணயத்துக்குள் அடங்கினால், அதுவும் முகத்தின் நடுவில் அடங்கினால், பிளேடைப் பற்றிப் பேசலாம். பத்துக்குக் கீழே என்றால் ஆசையை ஒத்திவையுங்கள். இது பட்டறைக் கணக்கு. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

ஒரு நிபந்தனை: இதை டிரைவிங் ரேஞ்சின் ரப்பர் பாயில் செய்யாதீர்கள். பாய் பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையைத் தொட்டாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். நீங்களும் நல்ல அடி என்று நினைத்துக்கொள்வீர்கள். புல்லில், அதுவும் 18 குழிகளும் ஆடிக் களைத்த பிறகு செய்யுங்கள். பந்து இருக்கும் இடத்தில் அதே பவுடரால் தரையில் ஒரு கோடு போடுங்கள். புல் பெயர்வது அந்தக் கோட்டிலோ அதற்கு அப்பாலோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்குகிறதென்றால், மழைக்காலத்து ஈரத் தரையில் மெல்லிய அடிப்பாகம் கொண்ட பிளேடு மண்வெட்டி வேலை செய்யும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பந்து வலப்பக்கம் குட்டையாக விழுகிறது என்ற வரி. வலக்கை ஆட்டக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். பந்து மட்டையின் நுனிப்பக்கம் படும்போது முகம் திறந்துகொள்ளும், தூரமும் போய்விடும். இதைத்தான் கேவிட்டி பேக் ஓரளவு மறைத்துக்கொடுக்கிறது. பிளேடில் எடையின் மையம் கழுத்துப்பக்கம் (தண்டு தலையோடு சேரும் பக்கம்) கொஞ்சம் தள்ளியிருப்பதால் நுனியில் பட்ட அடிக்குத் தண்டனை இன்னும் கூடும். முகம் கழுத்துக்குப் பின்வாங்கியிருக்கும் அளவும் பிளேடில் குறைவு. முகத்தை மூட அது செய்யும் சின்ன உதவியையும் இழப்பீர்கள். இன்று பங்கருக்கு (மணல்குழிக்கு) முன்னால் நிற்கும் பந்து நாளை பங்கருக்குள் கிடக்கும்.

ஆனால் நுனியில் படுவதற்குக் காரணம் மட்டையின் அளவாகவும் இருக்கலாம். அமெரிக்கருக்கும் ஐரோப்பியருக்குமான அளவில் வரும் செட்டை அப்படியே வாங்கி ஆடுகிறவர்கள் இங்கே அதிகம். நம் உயரத்துக்கு மட்டையின் சாய்வுக் கோணம் (தண்டு தரையோடு சாய்ந்து நிற்கும் அளவு; லாஃப்ட் வேறு) பல நேரம் பொருந்துவதில்லை. ஷாஃப்ட்டும் (மட்டையின் தண்டு) அப்படித்தான். 130 கிராம் எடையுள்ள எஃகு ஷாஃப்ட்டை 52 வயதில் ஏன் சுழற்ற வேண்டும்? நூறு கிராமுக்குள் நல்ல எஃகு ஷாஃப்ட்கள் இருக்கின்றன. முதலில் இதைச் சரிபாருங்கள். இந்த இடத்தில் ஃபோர்ஜ்டு தலைக்கு ஓர் உண்மையான மேன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: எஃகு மென்மையானது என்பதால் சாய்வை ஒன்றிரண்டு டிகிரி வளைத்துத் திருத்துவது சுலபம். கெட்டியான வார்ப்பு எஃகு அவ்வளவாக இசைந்து கொடுக்காது.

கையில் அதிர்வே தெரியவில்லை என்கிறீர்களே, அந்தச் சுகத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன். பந்து முகத்தில் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். கைக்குச் செய்தி வருவதற்குள் பந்து கிளம்பிவிட்டிருக்கும். நாம் ‘உணர்வு’ என்று சொல்வதில் பெரும்பகுதி காதில் விழும் சத்தம். அது பொய் என்று அர்த்தமில்லை. காசு கொடுத்து ஆடும் ஆட்டத்தில் ஒரு நல்ல சத்தத்துக்காகவும் காசு கொடுக்கலாம். அதற்காக ஸ்கோர் குறையும், அதாவது ஆட்டம் மேம்படும் என்று மட்டும் மனைவியிடம் சொல்லாதீர்கள்.

என் தீர்ப்பு: முழு பிளேடு செட் வேண்டாம். நாணயச் சோதனையில் தேறினால், ஃபோர்ஜ்டு கேவிட்டி பேக்கில் 7ஆம் நம்பர் முதல் பிட்சிங் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான மட்டை) வரை வாங்குங்கள். 6ஆம் நம்பர் உங்கள் பழைய செட்டிலிருந்தே தொடரட்டும்; இரண்டு செட்டின் லாஃப்டுகளுக்கும் இடையே பள்ளம் விழாமல் கடையில் அளந்துகொள்ளுங்கள். 5ஆம் நம்பரை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக வைக்கும் பருத்த தலை மட்டையான ஹைபிரிட் ஒன்று வாங்குங்கள். இப்படிக் கலந்து வைத்துக்கொள்வது தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் சகஜம். பிளேடுதான் வீரனுக்கு அழகு என்று நண்பர் வாதாடினால், 2024 யு.எஸ். ஓப்பனை பிரைசன் டிஷாம்போ எதை வைத்து வென்றார் என்று கேளுங்கள். முப்பரிமாண அச்சில் செய்த அயர்ன். ஓரத்தில் பட்ட பந்தும் அதிகம் விலகாதபடி முகத்தையே சற்று வளைத்துச் செய்தது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நன்றாக ஆடுகிறான். பிளேடில் ஆடினால்தான் அடி சுத்தமாகும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். புதிய செட் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. வாங்கித் தரலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: அம்மா, பயிற்சியாளர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பிளேடு தவறை உடனே சொல்லிக்கொடுக்கும். அதற்கு ஒரு மட்டை போதும், ஏழெட்டு எதற்கு? பழைய 7ஆம் நம்பர் பிளேடு ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பயிற்சிக்கு மட்டும் கொடுங்கள். போட்டியில் அவன் தன் சொந்த செட்டிலேயே ஆடட்டும். 15 வயதுப் பையன் ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்வான் என்பது பேன்ட் தைத்துக் கொடுக்கும் உங்களுக்கே தெரியும். நீளமும் ஷாஃப்ட்டும் அடுத்த வருடமே மாற வேண்டியிருக்கும். லட்சத்தை அப்போது செலவழியுங்கள்.

கேள்வி: சென்னைக் கடற்காற்றில் ஃபோர்ஜ்டு துருப்பிடிக்கும் என்கிறார்களே?
– வாசகர், பெசன்ட் நகர்

பதில்: கார்பன் எஃகு துருப்பிடிக்கும்தான். அதனால்தான் மேலே குரோம் பூசுகிறார்கள். பூச்சு இருக்கும்வரை கவலையில்லை. பூச்சு போன இடத்தில் பழுப்பு ஏறும். அதனால் ஆட்டம் கெடாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமான தலையுறையோடு கார் டிக்கியில் வைத்துப் பூட்டுவதுதான் உண்மையான எதிரி. பூச்சே இல்லாமல் விற்கும் வெட்ஜை மட்டும் கடலோரத்தில் இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஃபோர்ஜ்டு செட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், பெங்களூரு

பதில்: முகத்தின் பள்ளக்கோடுகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், விளிம்பு மழுங்கியிருந்தால் விலை இன்னும் இறங்க வேண்டும். பள்ளங்களுக்கான விதி 2010இல் மாறியது. அதற்கு முந்தைய செட் என்றால், நீங்கள் மேல்மட்டப் போட்டிகளில் ஆடுபவராக இருக்கும் பட்சத்தில் போட்டி விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளப் நண்பர்களோடு ஆடுவதற்கு அது பொருட்டில்லை. மென்மையான தலை என்பதால், பல வருடம் கெட்டியான பாயில் அடித்த செட்டில் லாஃப்ட்டும் சாய்வும் ஒன்றிரண்டு டிகிரி மாறியிருக்கக்கூடும். பட்டறையில் ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள். எல்லா மட்டையிலும் ஒரே ஷாஃப்ட் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். நடுவில் ஒன்று உடைந்து கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். பிடிகளை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.