விமானி பேட்ஜின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் இங்குள்ள பழைய பொருள் சந்தையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானி பேட்ஜ் ஒன்றை 420 யூரோவுக்கு வாங்கினேன். வெள்ளி நிறம் போய்ச் சாம்பலாக இருக்கிறது. கழுகின் இறக்கையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். "ஒரு விமானியின் மகளிடமிருந்து வந்தது" என்று சொன்ன வியாபாரி, கையோடு ஒரு சான்றிதழும் கொடுத்தார். இன்னும் 60 யூரோ கொடுத்தால் பாலிஷ் போட்டுப் புதிதாக்கித் தருவாராம், மதிப்பு ஏறுமாம். போடலாமா? இதை நல்ல நிலை என்று சொல்லலாமா?

பதில்: அந்த 60 யூரோ உங்கள் பையிலேயே இருக்கட்டும். பாலிஷ் கூடாது. எலுமிச்சை, டூத்பேஸ்ட் கூடாது. ஊரில் குத்துவிளக்குக்குப் போடும் புளி கூடவே கூடாது. உங்கள் பேட்ஜ், நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிற வரை, துத்தநாகம். அமிலம் பட்டால் நுரைத்துக் கரைகிற உலோகம். பித்தளை தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். துத்தநாகம் தேய்க்கத் தேய்க்கக் காணாமல் போகும்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் எளிது. 1935இல் இந்த பேட்ஜ் வந்தபோது நல்ல உலோகத்தில் செய்தார்கள். நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்போமே, பெயரில் மட்டும் வெள்ளி இருக்கும் அந்தக் கலவை அவற்றில் ஒன்று. அலுமினியத்திலும் செய்தார்கள். போர் இறுக இறுகச் செம்பும் நிக்கலும் ஆயுதத்துக்குப் போய்விட்டன. பேட்ஜ் செய்பவர்களுக்குக் கிடைத்தது துத்தநாகம். அதன் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. எண்பது வருஷத்தில் அந்தப் பூச்சு போய்விடும், அடியிலிருக்கும் துத்தநாகம் அரித்துப் பூச்சைத் தூக்கும். அந்தக் கொப்புளம் அதுதான். இதைச் சேதம் என்று பெரிதாகக் கழிக்க மாட்டார்கள். இறக்கை வளைந்திருந்தால், ஊக்கு உடைந்திருந்தால் கழிப்பார்கள். பாலிஷ் போட்டிருந்தால் நிச்சயம் கழிப்பார்கள்.

இன்னொன்று. இந்த பேட்ஜில் சுற்றியிருக்கும் இலை வளையம் வெள்ளி நிறம், கழுகு வேண்டுமென்றே கருக்கப்பட்டது. வளையத்தில் ஒரு பாதி லாரல், மறு பாதி ஓக் இலை. நல்ல வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், பூச்சு போன பேட்ஜிலும் கழுகின் இறகு இடுக்குகளில் அந்தப் பழைய கருமை மிச்சமிருக்கும். பாலிஷ் போட்டவுடன் கழுகும் வளையமும் ஒரே நிறமாகிவிடும். அப்புறம் எத்தனை பேரிடம் காட்டினாலும் "கழுவிட்டாங்க" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும்.

உங்கள் கேள்வி நிலை பற்றியது. எனக்கு அதற்கு முந்திய கவலை: இது அசலா? இங்கே வியாபாரிகள் நிலை 1, நிலை 2, 2 மைனஸ் என்று இந்த ஊர்ப் பள்ளிக்கூட மார்க் போல எழுதி வைப்பார்கள், 1தான் உசத்தி. போலிக்கும் அதே மார்க் போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று படமும் முன்பக்கம். முன்பக்கத்தை எல்லோரும் அழகாகச் செய்துவிடுவார்கள். பொய் சொல்லத் தெரியாதது முதுகு.

திருப்புங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும். கழுகு தனித் துண்டு, வளையம் தனித் துண்டு. இரண்டையும் இணைப்பவை இரண்டு ரிவெட்டுகள், அதாவது தட்டி இறுக்கிய சிறு ஆணிகள். ரிவெட்டின் தலை பின்னால் தெரிய வேண்டும். கழுகும் வளையமும் ஒரே வார்ப்பாக இருந்தாலோ, ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் பசையோ ஈயப் பற்றோ இருந்தாலோ லென்ஸை மூடிவிடலாம். அடுத்து இலை நரம்புகள். எஃகு அச்சில் வந்தது கத்திக் கீறல் போல நறுக்கென்று இருக்கும். அசலிலிருந்து ரப்பர் அச்செடுத்து ஊற்றியது, பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும், ஊசிமுனைக் குழிகள் தெரியும். கடைசியாகத் தேய்மானம். சட்டையில் குத்தி நடந்த பேட்ஜில் எங்கெங்கே உரசுமோ அங்கேதான் தேயும்: பின்னால் ரிவெட் தலை, ஊக்கு, முன்னால் இறக்கை மேடு. எல்லா இடமும் ஒரே அளவு "பழசாக" இருந்தால், அது ஒரே இரவில் பழசானது.

காந்தம் வைத்துக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். "ஒட்டவில்லை பாருங்கள், அசல்" என்பார்கள். துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது, உண்மைதான். போன வருஷம் துத்தநாகத்தில் ஊற்றிய போலியிலும் ஒட்டாது. பெர்லின் யுங்கர், லூடன்ஷைட் அஸ்மான் என்று தயாரிப்பாளர் முத்திரை இருந்தாலும் அதே கதைதான். பேட்ஜையே செய்பவனுக்கு நாலு எழுத்து வெட்டத் தெரியாதா? அதே தயாரிப்பாளரின் மற்ற பேட்ஜ்களைத் தேடி ஒப்பிடுங்கள். ஏலப் படங்களில் இருக்கும் இன்னொரு பேட்ஜிலும் உங்கள் பேட்ஜில் உள்ள அதே கீறல் அதே இடத்தில் இருந்தால், இரண்டில் ஒன்றாவது அச்செடுத்து ஊற்றியது. அச்சின் குறை எல்லாவற்றிலும் வரும். விழுந்து பட்ட கீறல் எப்படி வரும்?

சான்றிதழுக்கு வருகிறேன். ஜெர்மனியில் "சாஹ்ஃபெர்ஷ்டெண்டிகர்", அதாவது நிபுணர், என்று யார் வேண்டுமானாலும் தன்னை அழைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அரசு அமைப்பால் நியமிக்கப்பட்டுச் சத்தியப் பிரமாணம் எடுத்தவர் வேறு. நீங்கள் வாங்கிய தாளில் அப்படி எதுவும் இல்லை, விற்றவரே கையெழுத்திட்டிருக்கிறார். பெண் வீட்டுக்காரரே பெண்ணுக்கு நற்சான்று எழுதித் தருவது போல! விமானியின் மகள் கதையும் அப்படித்தான். நானும் தொடக்கத்தில் ஒரு "மகள்" கதைக்கு மயங்கி வாங்கினேன். அடுத்த வாரமே அதே மேசையில் இன்னொரு பேட்ஜ், அதே மகள். கதைக்கு மதிப்பு வர வேண்டுமென்றால் பேட்ஜோடு விமானியின் பறப்புப் பதிவேடோ விருது ஆவணமோ வர வேண்டும். பெரிய ஏலக்கூடங்கள் மட்டும் சும்மாவா? அட்டைப்படம் அழகாகப் போட்டுவிட்டு, பொறுப்பு ஏற்கமாட்டோம் என்பதை எறும்பெழுத்தில் போடுகிறார்கள். இதைக் கேட்க இங்கே ஆளில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்து உங்களிடம் இதைத்தான் நீட்டுவார்கள்: கழுகின் நகத்தில் வழக்கமாக இருக்கும் நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா இல்லாத பேட்ஜ். பார்த்தவுடன் போலி என்று தள்ளிவிடாதீர்கள். அசல் என்று அள்ளிக்கொள்ளவும் வேண்டாம். 1957 ஜூலை 26 தேதியிட்ட சட்டம், போர்க்கால விருதுகளை ஸ்வஸ்திகா இல்லாத வடிவில் அணியலாம் என்றது. அதற்காகப் புதிதாகச் செய்தவை ஒரு வகை. நியாயமானவைதான், ஆனால் போர்க்காலத்தவை அல்ல, விலையும் குறைவு. போர் முடிந்ததும் சொந்தக்காரரே அரம் போட்டு ராவி எடுத்தவை இன்னொரு வகை. இவை போர்க்காலத்தவை, காயம்பட்டவை. மூன்றாவது வகைதான் வில்லங்கம்: 1957 பேட்ஜில் ஒரு ஸ்வஸ்திகாவைப் பற்றவைத்துப் போர்க்கால விலைக்கு விற்பது. வித்தியாசம் நகத்தில் இருக்கிறது. 1957 பேட்ஜில் நகம் வெறுமையாக, ஒழுங்காக முடிந்திருக்கும். ராவியதில் அரக்கீறலும் மொட்டையும் தெரியும். கீறலுக்குள்ளும் அதே பழைய சாம்பல் படிந்திருக்கும். கீறல் பளபளத்தால் ராவியது தாத்தா இல்லை, பேரன். பற்றவைத்ததில் நகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, நிறம் கொஞ்சம் மாறி. லென்ஸில் இது தப்பவே தப்பாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் ஸ்வஸ்திகா தெரிகிற படத்தை ஃபேஸ்புக்கில் பெருமையாகப் போட்டால், குற்றவியல் சட்டம் 86அ பிரிவு உங்களைத் தேடி வரலாம். சந்தைக்காரர்கள் ஸ்வஸ்திகாவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது அதனால்தான்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். "பார்த்தபடி வாங்கியது" என்று ரசீதில் எழுதியிருந்தாலும், தெரிந்தே ஏமாற்றியவருக்கு அந்த வரி கவசமாகாது. தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபிப்பதுதான் பாடு. அதனால் இனி வாங்கும்போது "1945க்கு முன் செய்யப்பட்ட அசல்" என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு பேட்ஜை வெறுங்கையால் தொடாமல், அமிலமற்ற தாளில் சுற்றி, பாலிதீன் உறையில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஓக் மர அலமாரி வேண்டாம். அந்த மரம் விடும் அமில ஆவி துத்தநாகத்தைத் தின்னும். பிறகு பகல் வெளிச்சத்தில், பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்காமல், முதுகைப் படமெடுத்து அனுப்புங்கள்: இரண்டு ரிவெட், கீல், கொக்கி, நான்கும் தனித்தனியாக.