வாசகர் கேள்விகள்: படிப்புக்கு நடுவே படம் பிடிக்க

கேள்வி: செங்கோட்டையிலிருந்து தினமும் தென்காசிக்குச் சென்று இளநிலை இயற்பியல் படிக்கிறேன். ஒளிப்படம் எடுப்பதில் தீராத ஆசை. ஆனால் வகுப்பு, செய்முறைப் பதிவேடு, மாலையில் டியூஷன் எடுப்பது என்று நாள் முடிந்துவிடுகிறது. கையில் செல்பேசி மட்டுமே இருக்கிறது. நல்ல கேமரா வாங்கும்வரை காத்திருப்பதா, படிப்பு முடியும்வரை ஒத்திப்போடுவதா?
– மாணவர், செங்கோட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் உங்கள் ஊர் எங்கே அமைந்திருக்கிறது என்று பாருங்கள். மேற்கே மலை சுவர்போல் நிற்பதால், சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு வெகு முன்பே மறைந்துவிடுகிறது. சமவெளி ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கும் நீண்ட மாலைப் பொன்வெயில் உங்களுக்குக் கிடையாது. காலையிலோ, கிழக்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலில் மலைமுகம் முழுவதும் ஒளிபெறுகிறது, பனைகளின் நிழல் வயலில் நீளமாகக் கிடக்கிறது. ஆகவே மாலையை டியூஷன் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் பேருந்துக்கு முன்பான முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வரும் நாட்களில் இந்தக் கணக்கும் தேவையில்லை. மேகம் மூடிய வெளிச்சத்தில் நிழல் கடுமையாக விழாததால், முகங்களைப் படமெடுக்க நண்பகலும் நல்ல நேரமே.

செல்பேசியைக் குறைவாக எண்ண வேண்டாம். பெரும்பாலான செல்பேசிகளில் லென்ஸின் துளை மாறாது. ஷட்டர் வேகத்தையும் (ஒளி உள்ளே விழும் நேரம்) ஐஎஸ்ஓவையும் (ஒளியுணர்திறன் அளவு) மட்டுமே மாற்ற முடியும். கற்பவருக்கு இது வசதிதான். காற்றில் ஆடும் தென்னங்கீற்றை 1/30 நொடியிலும் 1/500 நொடியிலும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் கலங்கியும் பின்னதில் உறைந்தும் தெரியும். இயற்பியல் மாணவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தாம் என்பதால், நாங்கள் ஒவ்வொன்றுக்கும் யோசித்தே பொத்தானை அழுத்தினோம் (முதல் சுருளை எங்கள் வீட்டுப் பூனைக்கே செலவிட்டேன் என்பது வேறு விஷயம்). வாரத்துக்கு 36 என்று நீங்களும் வைத்துக்கொண்டு, ஞாயிறன்று மூன்றை மட்டும் மிச்சம் வைத்து மற்றவற்றை அழித்துவிடுங்கள். ஒரே வயலைக் கார் பருவ நெல் நடவிலிருந்து அறுவடைவரை தொடர்ந்து எடுத்தால், ஊர் ஊராக அலைவதில் கற்பதைவிடக் கூடுதலாகக் கற்பீர்கள். தேர்வு மாதத்தில் மட்டும் எதுவும் வேண்டாம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேள்வி: அண்ணன் கொடுத்த பழைய கேமராவின் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தும் போகவில்லை.
– கல்லூரி மாணவி, புளியரை

பதில்: அது பூஞ்சை. கண்ணாடிக்கு உட்புறம் இருப்பதால் துடைத்துப் பயனில்லை. நீங்களே கழற்றவும் முயலாதீர்கள், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சாரல் ஊர்களில் தோல் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டுவதுதான் பூஞ்சைக்குத் தரும் விருந்து. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் சொல்வதுபோல் அரிசிக்குள் புதைக்க வேண்டாம்; தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

கேள்வி: தென்மலைக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தில் ரயிலைப் படமெடுக்கத் தண்டவாளத்தில் நிற்கலாமா? நண்பர்கள் நிற்கிறார்கள்.
– மாணவர், கடையநல்லூர்

பதில்: கூடாது. அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைவது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறைத் தண்டனையும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறமிருக்க, அங்கே நின்றால் பாலமே படத்தில் வராது. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்தக் கல் வளைவுகளின் அழகெல்லாம் கீழே செல்லும் கொல்லம் சாலையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போதுதான் தெரியும். செங்கோட்டை நிலையத்தில் ரயில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அரை மணி முன்னதாகவே போய்ச் சாலையோரத்தில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.