வேலை இன்று, சம்பளம் பிறகு

கேள்வி: அமெரிக்காவில் பட்ஜெட் மசோதா தாமதமானால் அரசு ஊழியர்களின் சம்பளம் நின்றுவிடுகிறதே, ஏன்? போன வருஷக் கணக்குப்படியே கொடுத்துவிட்டுப் போகலாமே?

பதில்: கொடுக்க முடியாது. சட்டம் போட்டு ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக்கூடாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது. செப்டம்பர் 30 நள்ளிரவோடு நிதியாண்டு முடிகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும், அல்லது பழைய அளவிலேயே செலவைத் தொடர ஒரு தற்காலிகச் சட்டமாவது வேண்டும். இரண்டும் இல்லாதபோது, தெரிந்தே செலவுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. முன்பெல்லாம் இழுபறி நடந்தாலும் அலுவலகங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1980-இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கொடுத்த சட்ட விளக்கத்துக்குப் பிறகே பூட்டுப் போடத் தொடங்கினார்கள்.

கேள்வி: எல்லோருக்குமா நிற்கிறது?

பதில்: உங்கள் துறையின் மசோதா எது என்பதைப் பொறுத்தது. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீண்ட அரசு முடக்கத்தில் ராணுவத்தினருக்குச் சம்பளம் வந்தது, ஏனென்றால் பாதுகாப்புத் துறை மசோதா முன்பே நிறைவேறியிருந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் இருந்த கடலோரக் காவல் படைக்கு வரவில்லை. தபால்காரருக்குக் கவலையில்லை, அவர்கள் சம்பளம் தபால் வருமானத்திலிருந்து வருகிறது. மசோதாவை இழுத்தடிக்கும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களுக்கும் தவறாமல் வந்துவிடும்!

கேள்வி: நிறுத்திய சம்பளம் பிறகு கிடைக்குமா?

பதில்: முடக்கத்தின்போது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், அத்தியாவசியப் பணி என்பதால் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர் இருவருக்கும் அரியர்ஸ் உண்டு என்று 2019-இல் சட்டம் வந்தது. 2025-இல், வீட்டில் இருந்தவருக்கு அது தானாகக் கிடைக்காது என்று வெள்ளை மாளிகைத் தரப்பு வாதம் கிளப்பியது. அந்த ஆண்டின் 43 நாள் முடக்கத்தை முடித்த சட்டத்திலேயே அரியர்ஸும் சேர்க்கப்பட்டது. ஒப்பந்த நிறுவனங்களின் துப்புரவாளர், காவலாளிகளுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

கேள்வி: சம்பளச் சீட்டில் என்ன தெரியும்?

பதில்: அங்கே 14 நாளுக்கு ஒரு சம்பளம், 80 மணி நேரக் கணக்கு. 2025-ஐயே பாருங்கள்: செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 4 வரை ஒரு தவணை. முடக்கம் அக்டோபர் 1-இல் ஆரம்பித்ததால் 7 வேலைநாள், அதாவது 56 மணி நேரத்துக்கு மட்டும் பணம் வந்தது. அடுத்த தவணை சுத்தமாகப் பூஜ்யம். மருத்துவக் காப்பீடு அறுந்துபோகாது, ஆனால் ஊழியர் பங்குப் பிரீமியம் பாக்கியாக ஏறிக்கொண்டே இருக்கும். சம்பளம் திரும்ப வரும்போது அதைப் பிடித்துக்கொள்வார்கள். “அரியர்ஸ் குறைகிறதே” என்று பதறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பிடித்தம் இதுதான்.

கேள்வி: அதுவரை வேலையின்மை உதவித்தொகை வாங்கலாமா?

பதில்: வீட்டில் இருப்பவர் தன் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். முழுநேரமாக வேலைக்குப் போகிறவருக்குப் பொதுவாகக் கிடைக்காது, கையில் சம்பளம் வராவிட்டாலும். அரியர்ஸ் வந்ததும் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். செலவழித்துவிட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, வீட்டில் இருப்பவர் ஆபீஸ் மெயிலைத் திறந்து ஒரு பதில் போடக்கூடாது. ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கும் அதிகாரிக்கு அபராதமும் சிறையும் விதிக்கும் அதே சட்டம், சும்மா உதவி செய்வதையும் தடுக்கிறது.